தலைவர் சொன்னார்

எங்கள் அம்பத்தூர்த் தெருக்கோடியில் ஒரு டீக்கடை இருக்கிறது. முன்பெல்லாம் அந்தக் கடையில் மூன்று தினசரிகள் வாங்கிப் போடுவார்கள். இப்போது ஒன்றே ஒன்றுதான் வருகிறது. அதையும் படிப்பவர்களைவிட, வடையின் எண்ணெயை ஒற்றுவதற்காகக் கிழிப்பவர்களே அதிகம். ஆயினும் பழக்கதோஷம் யாரை விட்டது? காலை ஆறு மணிக்கு அந்தப் பெஞ்சில் போய் உட்காராவிட்டால் எனக்குப் பொழுது விடிந்ததாகவே தோன்றுவதில்லை. சில நாட்களில் மாலையிலும் போய் உட்காருவதுண்டு.

அப்படி ஒரு மாலை, பக்கத்தில் இருந்த தொழிற்பேட்டைப் பையன் ஒருவன் கைபேசியைப் பார்த்தபடியே, "தாத்தா, தலைவர் போட்டுட்டாரு!" என்றான்.

"என்னப்பா போட்டார்?" என்று கேட்டேன். சட்டை போட்டாரா, சண்டை போட்டாரா என்று எனக்கு விளங்கவில்லை.

"பதிவு, தாத்தா!" என்று சொல்லி, நாலு வரி படித்துக் காட்டினான். எதிர்க்கட்சிக்காரர்களை ஓர் இடி இடித்துவிட்டு, தம்முடைய கட்சியின் முதுகைத் தாமே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டிருந்தார் தலைவர். கால்மணி நேரம் சென்றது. கடைச் சுவரில் இருந்த தொலைக்காட்சியின் அடியில் அதே நாலு வரி ஓடிற்று. இரவு நாலு பேர் உட்கார்ந்து அந்த நாலு வரியைப் பற்றி ஒரு மணி நேரம் வாதம் செய்தார்கள். மறுநாள் காலைத் தினசரியைப் பிரித்தால், அதிலும் அதே நாலு வரி. கடைசியில் "இவ்வாறு அவர் தமது பதிவில் கூறியுள்ளார்" என்று ஒரு முற்றுப்புள்ளி. ஒரே சோற்றை நாலு பந்தியிலும் பரிமாறினார்கள். ஒரு பந்தியிலாவது, "இந்த அரிசி எங்கே வாங்கியது, விலை என்ன?" என்று கேட்டவர் இல்லை.

அன்று முதல் இந்த விஷயம் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரு தலைவருடைய வாயிலிருந்து புறப்படும் சொல், ஜனங்களின் காதுக்கு வந்து சேருவதற்குள் எந்தெந்தத் தெருக்களின் வழியாக நடந்து வருகிறது? அந்தப் பாதைக்கும் ஒரு சரித்திரம் உண்டல்லவா? அந்தச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் எங்கள் ஊர்ப்பக்கத்திலேயே நடந்தது. அதற்கு நானும் ஒரு சாட்சி.

எனக்கு அப்போது பத்து வயது. 1955-ஆம் வருஷம் ஜனவரி மாதம். பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு திருமுல்லைவாயிலிலிருந்து ஆவடிக்கு நடந்தே போனேன். இந்திய தேசிய காங்கிரஸின் அறுபதாவது மகாநாடு அங்கே நடந்தது. சத்தியமூர்த்தி நகர் என்று அந்த இடத்துக்குப் பெயர் சூட்டியிருந்தார்கள். தலைமை வகித்தவர் யு. என். தேபர். காமராஜர் முதன்மந்திரி பதவிக்கு வந்து ஒரு வருஷம் முடியாத சமயம். இன்றைக்கு ஆவடி என்றால் கனரக வாகனத் தொழிற்சாலையும் டாங்கிகளும் நினைவுக்கு வருகின்றன. அந்தத் தொழிற்சாலை ஏற்பட்டது 1961-இல். அதற்கு முன்பு ஆவடி என்றால் ஜனங்களுக்கு இந்த மகாநாடுதான்.

நேருஜியை நான் பார்த்தேனா என்று கேட்டால், ஒரு வெள்ளைக் குல்லாயைப் பார்த்தேன் என்றுதான் சத்தியமாகச் சொல்ல முடியும். ஒலிபெருக்கியில் வந்த பேச்சில் எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பெரியப்பாவுக்கும் புரியவில்லை. ஆனால் அவர் கண்களில் நீர் நிறைந்திருந்தது. திரும்பி வரும் வழியில், "என்ன பெரியப்பா சொன்னாங்க?" என்று கேட்டேன். "நாளைக்குப் பேப்பர்லே வரும்டா" என்றார்.

வாசகர்கள் இந்தப் பதிலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பந்தலிலேயே இருந்தவர், பந்தலில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள மறுநாள் பத்திரிகைக்காகக் காத்திருந்தார்.

பத்திரிகையும் வந்தது. "சோஷலிஸ பாணி சமுதாயம்" அமைப்பதே நோக்கம் என்று காங்கிரஸ் தீர்மானித்துவிட்டதாம். உற்பத்திக்கு முக்கியமான சாதனங்கள் சமுதாயத்தின் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும். உற்பத்தி பெருக வேண்டும். செல்வம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும். தீர்மானத்தின் சாரம் இதுதான். எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் உரக்கப் படித்தார். இருபது பேர் கேட்டார்கள். உடனே சண்டை பிடித்துக்கொண்டது. "சோஷலிஸம்னு சொல்லக் கூடாதா? அது என்ன பாணி? அரியக்குடி பாணி, மதுரை மணி பாணி மாதிரி இது ஒரு பாணியா?" என்று ஒருவர் கேட்டார். "பாட்டு வேறே, பாணி வேறேங்க. பாட்டைப் பாடாமலே பாணியைக் காட்டலாம்னு பார்க்கிறாங்க" என்றார் இன்னொருவர்.

நகைச்சுவைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த "பாணி"யைப் பற்றி நாடு முழுவதும் வருஷக்கணக்கில் வாதம் நடந்தது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் அதன் பேரில்தான் எழுந்தது. கூட்டுறவு விவசாயத்துக்கு 1959-ஆம் ஆண்டு ஜனவரியில் நாகபுரியில் தீர்மானம் வந்ததும், ராஜாஜி இனிப் பொறுப்பதில்லை என்று அதே ஆண்டு சென்னையில் சுதந்திராக் கட்சியை ஆரம்பித்தார். அந்த வழக்கின் வேர் ஆவடி மண்ணில் இருந்தது. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாலு வருஷம் வாதாட முடிந்தது என்றால், அந்தச் சொல்லைத் துருவிப் பார்க்கிறவர்கள் நடுவில் இருந்தார்கள் என்று அர்த்தம். மகாநாட்டில் நிருபர் குறிப்பெடுத்தார். தந்தியிலோ டெலிபிரிண்டரிலோ செய்தி போயிற்று. காரியாலயத்தில் ஓர் உதவி ஆசிரியர் அதைத் தமிழாக்கினார். "தினமணி" ஏ. என். சிவராமனைப் போன்ற ஆசிரியர்கள், தலைவர் சொன்ன கணக்கைத் தாங்களும் ஒரு முறை போட்டுப் பார்த்து எழுதினார்கள். "கணக்கன்" என்றே அவருக்கு ஒரு புனைபெயர் உண்டு என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எல்லாம் தருமதேவதையின் சந்நிதிகள் என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றுக்கும் முதலாளிகள் இருந்தார்கள். அந்த முதலாளிகளுக்கும் வேண்டியவர், வேண்டாதவர் இருந்தார்கள். வேண்டாதவர் கூட்டத்துக்கு ஐம்பதாயிரம் பேர் வந்தாலும் மூன்றாம் பக்கத்தில் மூன்று வரி. வேண்டியவர் தும்மினாலும் முதற்பக்கம். இந்த அநியாயம் பொறுக்காமல்தான் தலைவர்கள் தாங்களே பத்திரிகை ஆரம்பித்தார்கள்.

காந்திஜி வழி காட்டினார். "யங் இந்தியா", "நவஜீவன்", பிறகு 1933-இல் "ஹரிஜன்" என்று தம்முடைய கருத்தைத் தம்முடைய தாளிலேயே எழுதினார். மற்றப் பத்திரிகைகள் அவற்றை எடுத்துப் போட்டன. தமிழ்நாட்டில் பெரியார் 1925-இல் ஈரோட்டிலிருந்து "குடிஅரசு" நடத்தினார். அண்ணா 1942-இல் காஞ்சிபுரத்தில் "திராவிட நாடு" தொடங்கினார். அதே ஆண்டு திருவாரூரில் ஓர் இளைஞர் "முரசொலி" என்று துண்டு வெளியீடு போட ஆரம்பித்தார். ராஜாஜியோ "கல்கி"யிலும் "சுயராஜ்யா"விலும் எழுதிக்கொண்டே இருந்தார்.

ஆவடியில் மகாநாடு நடந்த அதே 1955-ஆம் ஆண்டில்தான், அண்ணா "தம்பிக்கு" என்று கடிதம் எழுதத் தொடங்கினார். எங்கள் ஊர்ப்பக்கப் படிப்பகத்தில் வாரந்தோறும் அதற்காகக் கூட்டம் காத்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெரியப்பா காங்கிரஸ்காரர். ஆனாலும் படிப்பகத்து வாசலில் போகிறவர் வருகிறவர் போல நின்று, காதை மட்டும் உள்ளே அனுப்புவார். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, "அந்த ஆள் எழுதறது நல்லாத்தான் இருக்கு, ஒத்துக்கத்தான் முடியலே" என்பார். பிற்காலத்தில் கருணாநிதி "உடன்பிறப்பே" என்று விளித்து எழுதிய கடிதங்கள் ஏழாயிரத்துக்கு மேல் என்பார்கள். நிருபரை நடுவில் வைக்காமல் நேரே தொண்டனோடு பேசும் வித்தை, இந்த நாட்டுக்குக் கைபேசி கொண்டு வந்த புதுமை அல்ல. நம் தாத்தாக்கள் காலத்திலேயே அது தமிழில் நன்கு பழகிய கலை.

அந்தக் கலையினால் விளைந்த நன்மை ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். 1976-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி தமிழ்நாட்டில் தி.மு.க. மந்திரிசபை கலைக்கப்பட்டது. நாட்டில் நெருக்கடி நிலை, பத்திரிகைகளுக்குத் தணிக்கை. கட்சிக்காரர்களை மிசா சட்டத்தில் வரிசையாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். யார் யாரைப் பிடித்தார்கள் என்று பத்திரிகையில் போட வழியில்லை. பிப்ரவரி 3-ஆம் தேதி அண்ணாவின் நினைவு நாள் வந்தது. அன்றைய "முரசொலி"யில், அண்ணாவின் நினைவிடத்துக்கு மலர் வைக்க வர இயலாதவர்கள் என்று ஊர்வாரியாக ஒரு பட்டியல் வெளியாயிற்று. தணிக்கைக்காரருக்கு அது மரியாதைப் பட்டியல். படித்தவர்களுக்கோ அது கைதிகளின் பட்டியல்! மகனைக் காணாமல் தவித்த எத்தனையோ தாய்மார்கள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்துகொண்டிருப்பார்கள். ஊர்ப் பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டிருந்தபோது தலைவருடைய சொந்தப் பத்திரிகைதான் செய்தி சொல்லிற்று.

ஆகவே, தலைவர்கள் நேரே பேசுவது குற்றம் என்பது என் கட்சி அல்ல. அவர்கள் பேசட்டும். அவர்கள் பேசியதும் பத்திரிகை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. "தம்பிக்கு" கடிதம் வந்த காலத்தில் மற்றத் தினசரிகள் அதை வரிக்கு வரி எடுத்துப் போட்டுவிட்டு, அன்றைய வேலை முடிந்தது என்று விளக்கை அணைக்கவில்லை. எடுத்துச் சொன்னவர்கள் உண்டு. மறுத்து எழுதியவர்கள் உண்டு. அலட்சியம் செய்தவர்களும் உண்டு. கட்சிப் பத்திரிகை என்றால் கட்சிப் பத்திரிகைதான் என்று வாசகனுக்கும் தெரியும். கடிதமும் நீளமாக இருந்தது; அதில் காரணங்கள் இருந்தன. காரணம் இருக்கிற இடத்தில்தானே மறுப்புக்கும் இடம் இருக்கும்?

பிறகு வானொலி வந்தது. அமெரிக்காவில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1933-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல், கணப்படுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து குடும்பத்தாரோடு பேசுவதுபோல வானொலியில் பேசினார். நம் பிரதமர் மோடி 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி "மனதின் குரல்" தொடங்கினார். ஒவ்வொரு முறை அவர் பேசி முடித்ததும் அதுவே அன்றையச் செய்தி. நேரு பிரதமராக இருந்தபோது, ஏறத்தாழ மாதம் ஒரு முறை பத்திரிகையாளர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, கேள்விகளுக்குப் பதில் சொல்வார். கோபித்துக்கொள்வார், ஆனால் பதில் சொல்வார். மோடியின் முதல் ஐந்தாண்டு முடிவில், 2019-ஆம் ஆண்டு மே 17-ஆம் தேதி டில்லியில் நடந்த நிருபர் கூட்டத்துக்கு அவர் வந்து உட்கார்ந்தார். கேள்விகளைப் பக்கத்தில் இருந்த கட்சித் தலைவர் அமித் ஷா ஏற்றுக்கொண்டார். பிரதமர் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. நம் மாநிலத்தில் ஜெயலலிதாவும் தம்முடைய பிற்கால ஆட்சியில் நிருபர்களை அபூர்வமாகத்தான் சந்தித்தார். கட்சி எதுவானாலும், நேரே பேச வழி கிடைத்தவர்களுக்குக் கேள்வி கேட்பவர்கள் வேண்டாத விருந்தாளிகளாகிவிடுகிறார்கள்.

2006-இல் ட்விட்டர் பிறந்தது. அதற்கு 2023-இல் எக்ஸ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பத்திரிகை நடத்தக் காகிதம் வேண்டும், அச்சு வேண்டும், ஏஜெண்டு வேண்டும், கடனும் வேண்டும். இதற்குக் கட்டைவிரல் போதும். இதனால் நம் செய்திகளுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு மூன்று சம்பவங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, பூவிருந்தவல்லியைத் தாண்டினால் வரும் செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றியது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி அந்த ஏரியிலிருந்து அடையாற்றில் வினாடிக்கு 29,000 கனஅடி வரையில் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. சென்னையின் தென்பகுதி மூழ்கியது. மதகை யார் திறக்கச் சொன்னார்கள், ஏன் முன்னதாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கவில்லை என்பது அந்நாட்களில் எல்லோர் வாயிலும் இருந்த கேள்வி. அந்தச் சமயத்தில் முதலமைச்சர் ஜெயலலிதாவின் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது. தமக்கென்று தனி வாழ்க்கை இல்லை, சுயநலம் இல்லை, ஜனங்களே தமக்கு எல்லாம் என்ற கருத்தில் பேசினார். தொலைக்காட்சிகள் அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பின. எங்கள் தெருவில் அதைக் கேட்டு அழுத பெண்களும் உண்டு. கேலி செய்து மாற்றிப் பேசிய பையன்களும் உண்டு. அழுதவர்கள், சிரித்தவர்கள் இருவருமே இரண்டு நாளைக்குக் குரலைப் பற்றித்தான் பேசினார்கள். மதகைப் பற்றிப் பேசவில்லை. அந்த வெள்ளம் மனிதரால் விளைந்த பேரிடர் என்று சொன்ன தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை சட்டசபைக்கு வந்தபோது 2018-ஆம் ஆண்டு ஆகிவிட்டது. அதற்குள் கேள்வி கேட்ட வாய்களெல்லாம் வேறு கதைக்குப் போய்விட்டன.

இரண்டாவது, கமல்ஹாசனைப் பற்றியது. 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அரசாங்கத் துறைகளில் ஊழல் மலிந்திருப்பதாக அவர் சொன்னார். மந்திரிகள் பாய்ந்து பாய்ந்து பதில் சொன்னார்கள். அவர் ட்விட்டரில் கவிதை நடையில் சில வரிகள் எழுதினார். செந்தமிழோ கடுந்தமிழோ, எளிதில் பிடிபடவில்லை. அன்றிரவு தொலைக்காட்சிகளில் பொழிப்புரை, பதவுரை, விசேஷ உரை எல்லாம் நடந்தன. பரிமேலழகர் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள்! எந்தத் துறையில், எவ்வளவு ஊழல், யாரிடம் ஆதாரம் என்று தேடிப் போவதைவிட, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தேடுவது சுலபம். குளிர்ந்த அறையை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரி 21-ஆம் தேதி அவர் மதுரையில் கட்சி தொடங்கினார். அதற்குள் அவரைப் பற்றி நாள் தவறாமல் செய்தி வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது சற்றுக் கசப்பானது. 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் திரிபுராவில் லெனின் சிலையைத் தகர்த்தார்கள். மறுநாள் பாரதிய ஜனதா தலைவர் எச். ராஜாவின் முகநூல் பக்கத்தில், அடுத்தது தமிழ்நாட்டில் பெரியார் சிலை என்ற கருத்தில் ஒரு பதிவு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் பதிவு நீக்கப்பட்டது. அன்றிரவே திருப்பத்தூரில் பெரியார் சிலை சேதப்படுத்தப்பட்டது. பக்கத்தைக் கவனிக்கும் நிர்வாகி தம் அனுமதி இல்லாமல் போட்டுவிட்டதாகச் சொல்லி, ராஜா வருத்தம் தெரிவித்தார். 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஆறு மாதத் தண்டனை விதித்து, மேல்முறையீடு செய்வதற்காக அதை நிறுத்தியும் வைத்தது. நீக்கப்பட்ட பதிவு நெடுநேரம் உயிரோடிருக்கவில்லை. ஆனால் அதன் படத்தைத் தொலைக்காட்சிகள் நாள்கணக்கில் காட்டின. தம்பிக்குக் கடிதம் எழுதியவர் யார் என்று ஒரு தம்பிக்கும் சந்தேகம் வந்ததில்லை. இந்தக் காலத்திலோ தலைவர் சொன்னார் என்று செய்தி போட்டு, தலைவர்தான் சொன்னாரா என்று பிறகு விசாரிக்க வேண்டியிருக்கிறது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. அமெரிக்க ஜனாதிபதி டிரம்பின் முதல் இரண்டு வருஷப் பதிவுகளை மூன்று ஆராய்ச்சியாளர்கள் அலசி, 2020-இல் "நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்" என்ற சஞ்சிகையில் எழுதினார்கள். ரஷ்யத் தொடர்பு பற்றிய முல்லர் விசாரணையை "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையும் ஏபிசி தொலைக்காட்சியும் அதிகமாகப் பேசிய நாட்களில், அவர் வேலைவாய்ப்பு, சீனா, குடியேற்றம் என்று வேறு விஷயங்களைப் பற்றி அதிகமாகப் பதிவிட்டார். அப்படிப் பதிவிட்டதை அடுத்து, அந்தப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் விசாரணைச் செய்தி குறைந்தது. வேண்டுமென்றே திசை திருப்பினார் என்று இதைக் கொண்டு அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். எனக்கு அவருடைய எண்ணம் முக்கியமில்லை. உலகத்திலேயே பெயர் பெற்ற பத்திரிகையாசிரியர்கள்கூட, தங்களை அறியாமலே தலையைத் திருப்பினார்கள் அல்லவா? ஜனங்கள் எதை நினைக்க வேண்டும் என்று பத்திரிகை கட்டளையிட முடியாது. எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். பத்திரிகையின் அந்த ஒரே செல்வம் கைமாறிக்கொண்டிருக்கிறது.

ஏன் கைமாறுகிறது? என் தங்கையின் பேரன் ஒரு செய்தி நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். நிருபராக வேண்டும் என்று படித்தவன். ஒருநாள் ஆவடியில் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, "உன் வேலை என்னப்பா?" என்று கேட்டேன்.

"அறுபது பேர் பக்கத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கணும் தாத்தா. யாராவது ஒருத்தர் போட்டாங்கன்னா நாலு நிமிஷத்திலே நம்ம செய்தி வந்துடணும். அஞ்சாவது நிமிஷம்னா, ஏன் லேட்டுன்னு கேட்பாங்க."

"அவர் சொன்னது உண்மையா என்று பார்க்க எத்தனை நிமிஷம்?"

அவன் சிரித்தான். "அதுக்கு ஆள் தனியா வேணும் தாத்தா. ஊருக்குள்ளே போகணும், போன் பண்ணணும், ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள்லே நான் முப்பது செய்தி போட்டுடுவேன். எல்லாம் 'தலைவர் சொன்னார்'தான். அவர் சொன்னது பொய்யா இருந்தாலும், அவர் சொன்னாருங்கிறது உண்மைதானே?"

நான் வாயடைத்துப் போனேன். எவ்வளவு பெரிய தத்துவத்தை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! "தலைவர் சொன்னார்" என்ற செய்தி ஒருநாளும் பொய்யாவதில்லை. ஆகையால் அதைப் போடுகிறவருக்கு ஆபத்தும் இல்லை, செலவும் இல்லை. பையன்கள்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. அறுபது வாசல்களுக்குக் காவல் வைத்துவிட்டு, ஏன் ஊரைச் சுற்றவில்லை என்று காவற்காரனைக் கேட்பது நியாயமா?

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எங்கள் தெருக் கதையையே சொல்லிவிடுகிறேன். ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒன்பது நாள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தபோது, இனி வடிகாலுக்குக் குறைவில்லை என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். மனு எழுதினோம். தொலைபேசியில் சொன்னோம். ஒரு பத்திரிகையும் எட்டிப் பார்க்கவில்லை. பத்தாம் நாள் பிரமுகர் ஒருவர் வந்தார். எந்தக் கட்சி என்பது எதற்கு? எல்லாக் கட்சியிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். பலகைமேல் நின்றார், படம் எடுத்துக்கொண்டார். அவர் கார் பிரதான சாலையை எட்டுவதற்குள், தேங்கிய நீரை அகற்ற உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டதாகப் பதிவு வந்துவிட்டது. மாலையில் அது செய்தியாயிற்று. எங்கள் தெருவின் பெயர் முதன்முதலாகச் செய்தியில் வந்தது அன்றுதான். அதுவும் தண்ணீர் வடிந்துவிட்ட தெருவாக! நான் அந்தச் செய்தியைத் தண்ணீருக்குள் நின்றுகொண்டு பார்த்தேன்.

தங்கை பேரனுக்குப் போன் செய்து, "ஏண்டா, நீதான் போட்டாயா?" என்று கேட்டேன். சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, "ஆமாம் தாத்தா. அது உங்க தெருன்னு தெரியலே" என்றான்.

மறுநாள் அவனுக்கு வார விடுமுறை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். விளக்குக் கம்பத்தில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டான். நாலு வீட்டில் விசாரித்தான். பிறகு வட்டார அலுவலகத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் காத்திருந்து, பொறியாளர் ஒருவரைப் பிடித்தான். வடிகாலுக்குப் பணம் ஒதுக்கி ஒரு வருஷம் ஆகிறது, இன்னும் டெண்டர் விடவில்லை என்று அவர் சொன்னார். அந்த விஷயம் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பத்து நாளாக நாங்கள் தண்ணீரை இறைத்தோம், மழையைத் திட்டினோம், விதியைத் திட்டினோம். யாரைப் பார்த்து, என்ன கேட்க வேண்டும் என்பது அன்றுதான் தெரிந்தது.

அவன் எழுதியது ஆறே வரி. அவனுடைய நிறுவனத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு தினசரியின் உள்பக்கத்தில், மூலையில் வந்தது. அதில் ஒரு தலைவரின் பெயரும் இல்லை. தண்ணீர் இத்தனை அங்குலம், பணம் இந்தத் தேதியில் ஒதுக்கப்பட்டது, வேலை ஆரம்பமாகவில்லை, அவ்வளவுதான். எங்கள் தெருக்காரர்கள் இருபத்தேழு பேர் அந்த ஆறு வரியை எடுத்துக்கொண்டு வட்டார அலுவலகத்துக்குப் போனோம். டெண்டர் எப்போது என்று கேட்டோம். தேதி சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தேதி இன்னும் வரவில்லை. வரும்போது மறுபடியும் போவோம்.

பந்தலில் நின்ற பெரியப்பா, "நாளைக்குப் பேப்பர்லே வரும்டா" என்று சொன்னாரே, அவர் எதற்காகக் காத்திருந்தார் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. நேருஜியின் குரலை அவர் காதாரக் கேட்டிருந்தார். அந்தக் குரலால் தமக்கும் தம் நிலத்துக்கும் என்ன ஆகும் என்பதை வேறொருவர் விசாரித்துச் சொல்வார் என்று நம்பி மறுநாளுக்காகக் காத்திருந்தார்.

அந்த ஆறு வரி வந்த அன்று காலை டீக்கடையில் நான் ஒன்றைக் கவனித்தேன். வழக்கம்போல வடைக்குத் தாள் கிழித்தார்கள். முதற்பக்கம் போயிற்று, தலைவர்கள் எல்லோரும் எண்ணெயில் நனைந்தார்கள். அந்த உள்பக்கத்தை மட்டும் கடைக்காரர் மடித்துக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.